சிவப்புப் புள்ளியும் ஐந்து குண்டும்

துப்பாக்கியைப் பற்றித் தமிழ்ப் பேரவை மலரில் ஒரு கட்டுரையா என்று புருவத்தை உயர்த்தும் வாசகர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். மொழி, பண்பாடு, பட்டப்படிப்பு, வேலை என்று வழக்கமாக நாம் எழுதித் தீர்க்கும் பொருள்களில் இது இல்லைதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூரில் சாதாரணக் குடிமகன் எவரும் தற்காப்புக்கென்று துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடமாட முடியாது. பிறரைக் காயப்படுத்தும் நோக்கத்துடன் துப்பாக்கியைப் பயன்படுத்துபவருக்கு மரண தண்டனை என்கிறது 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம். ஆகவே இங்கே இடுப்பில் சிறு ரிவால்வருடன் தெருவில் நடந்தவர்கள் காவல் பணியில் இருந்தவர்கள் மட்டுமே. அவர்களில் கணிசமானோர் யார்? பல்கலைக்கழகத்துக்கு வருமுன் தேசிய சேவையைக் காவல்துறையில் முடித்த பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். நம் பேரவைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருப்பவர்களில் இரண்டு பேராவது அப்படிப்பட்டவர்களாக இருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் இருந்தவன்தான்.

அண்மையில் இளைய உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, அந்த டாரஸ் ரிவால்வர்ல லேசர் இருந்துச்சே, அது உண்மையிலேயே உதவுச்சா, இல்ல சும்மா ஸ்டைலுக்கா?" பக்கத்தில் இருந்த நண்பர் ஒருவர் முந்திக்கொண்டு, "மக்கள் வரிப்பணம் வீண்" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிறிய ரிவால்வரில் லேசர் பொருத்துவது பயனுள்ள செயல் என்றே கருதுகிறேன். ஆனால் அதை விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணத்துக்காக அல்ல. நம்மவர் பலர் திரைப்படம் பார்த்து நம்பியிருக்கும் காரணத்துக்காகச் சற்றும் அல்ல. (காவல்துறையின் உள்விவரம் எதையும் இங்கே நான் வெளியிடப் போவதில்லை. யாரும் கவலைப்பட வேண்டாம். அந்தத் துப்பாக்கியின் படமும் விவரமும் எல்லாரும் பார்த்தவைதான்.)

முதலில் பொருளைப் பார்ப்போம். ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்களுக்குப் பிறகு சிங்கப்பூர்க் காவல்துறையின் ரோந்து அதிகாரிகளிடம் பரவலாக வந்தது, பிரேசில் நாட்டு நிறுவனமான டாரஸ் தயாரித்த 85-ஆம் மாடல். .38 ஸ்பெஷல் தோட்டா, ஐந்து அறைகள், மூன்று அங்குலக் குழல். பிடியில் கிரிம்சன் டிரேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் லேசர். எடை ஏறத்தாழ முக்கால் கிலோவுக்குள். பெரிய கையுள்ளவருக்கு விளையாட்டுப் பொருள்போலத் தெரியும். இடுப்பில் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குபவருக்கோ அது ஒரு வரம்.

சிறிய ரிவால்வர் சுமக்க எளிது, சுடக் கடினம். இந்த உண்மையைத் தெரிந்துகொண்டால்தான் லேசர் பேச்சுக்கே பொருள் உண்டு. குழலின் முனையில் உள்ள முன்குறியையும் கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறியையும் ஒரே கோட்டில் நிறுத்திக் குறிபார்க்கிறோம். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் இவ்வகைத் துப்பாக்கியில் பன்னிரண்டு செண்டிமீட்டர் அளவுதான். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், ஏழு மீட்டர் தள்ளி இருக்கும் இலக்கில் குண்டு ஏறத்தாழ ஆறு செண்டிமீட்டர் விலகும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் அரைச் சாண் பக்கம் போய்விடும். நீளமான துப்பாக்கியில் இதே பிழை பாதியாகக் குறையும்.

அதைவிடப் பெரிய தொல்லை டிரிகர். ரிவால்வரின் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுக்காமல் நேரடியாகச் சுடும்போது, டிரிகரை ஒரு நீண்ட தூரம், ஏறத்தாழ ஐந்து கிலோ விசையுடன் இழுக்க வேண்டும். முக்கால் கிலோகூட இல்லாத ஒரு பொருளை ஒரு கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன்மேல் அதன் எடையைப்போல் ஏழெட்டு மடங்கு விசையை ஒரே விரலால் செலுத்தவேண்டும். அப்போதும் அது அசையக் கூடாது! பொறியியல் மாணவர்கள் தாளில் வரைந்து பார்க்கட்டும். துப்பாக்கி அசையாமல் இருந்தால்தான் வியப்பு.

இந்த இடத்தில்தான் லேசர் நுழைகிறது. அதன் வரலாறு ஒரு சுவையான கதை. 1984-இல் வந்த 'தி டெர்மினேட்டர்' படத்தில் அர்னால்ட் சுவார்ஷ்நெகர் கையில் இருந்த நீளமான கைத்துப்பாக்கியின் மேலே ஒரு குழாய் இருக்கும். அது ஹீலியம்-நியான் லேசர். அதற்கு வேண்டிய மின்கலம் துப்பாக்கியில் அடங்காததால், கம்பியைச் சட்டைக்கைக்குள் விட்டு, உடையில் மறைத்த மின்கலத்தோடு இணைத்தார்கள். மறு கையில் இருந்த பொத்தானை அழுத்தித்தான் சிவப்புப் புள்ளியை எரியவைத்தார் அந்த இயந்திர மனிதர். அன்றிலிருந்து தமிழ்ப்படம் உட்பட உலகத் திரைப்படங்கள் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் மார்பில் சிவப்புப் புள்ளி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு குறைகடத்தி லேசர்கள் மலிந்தன. 1994-இல் தொடங்கிய கிரிம்சன் டிரேஸ், லேசரைத் துப்பாக்கியின் பிடிக்குள்ளேயே அடக்கிவிட்டது. காசு வடிவத்தில் இரண்டு சிறு மின்கலங்கள், பிடியின் மேல் வலப்பக்கம் ஒரு சிறு ஒளிக்கண், நடுவிரல் படும் இடத்தில் ஓர் அழுத்தப் பொத்தான். துப்பாக்கியை இறுகப் பிடித்தாலே ஒளி வரும். தனியாக எதையும் தேடி அழுத்த வேண்டியதில்லை. இந்த எளிமையை நான் மெச்சுகிறேன். நெருக்கடியில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அது எதில் உதவுகிறது? ஒருவர் கத்தியுடன் நம்மை நோக்கி வரும்போது நம் கண் எதைப் பார்க்கும்? அவரையும் அந்தக் கத்தியையும்தான். சுடுதளத்தில் எத்தனை முறை "முன்குறியைப் பார், முன்குறியைப் பார்" என்று கத்தினாலும், உயிருக்கு ஆபத்து என்றதும் கண் ஆபத்தின்மேல் ஒட்டிக்கொள்கிறது. முன்குறி இருப்பது கைக்கெட்டிய தூரத்தில். ஆபத்து இருப்பது ஐந்து மீட்டரில். கண்ணால் இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. லேசர் அந்தக் குறியைக் கொண்டுபோய் ஆபத்தின்மேலேயே வைத்துவிடுகிறது. கண் எங்கே பார்க்க விரும்புகிறதோ அங்கேயே விடை இருக்கிறது. இரவில், மங்கிய படிக்கட்டில், தூணுக்குப் பின்னால் உடம்பைச் சாய்த்துக்கொண்டு கையை மட்டும் நீட்டவேண்டிய நிலையில், கண்ணையும் குறிகளையும் நேர்கோட்டில் வைக்க வழியே இருக்காது. அப்போது அந்தப் புள்ளி ஒன்றுதான் துணை.

இன்னொரு நன்மையை யாரும் அதிகம் பேசுவதில்லை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய அதிகாரிக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். தமிழ் முரசைக் கைநீட்டிப் பிடித்துப் படிப்பவருக்கு முன்குறி தெளிவாகத் தெரியாது. தூரத்துப் புள்ளி தெரியும். அவருக்கு லேசர் கண்கண்ட தெய்வம். ஆனால் நம் பையன்களின் கதை வேறு. சிங்கப்பூர் இளையர்களில் பெரும்பாலோர் கிட்டப்பார்வையினர். கைகலப்பில் கண்ணாடி பறந்துபோனால், ஏழு மீட்டரில் இருக்கும் புள்ளி அவர்களுக்குத் தீபாவளி விளக்கைப்போல் பரந்து கலங்கித் தெரியும். ஒன்றும் தெரியாததற்கு அது மேல்தான் என்றாலும், விளம்பரத்தில் வரும் ஊசிமுனைப் புள்ளி அவர்களுக்குக் கிடைக்காது. வயதான சார்ஜண்டுக்கு உதவும் கருவி, பக்கத்தில் நிற்கும் இருபது வயது இளைஞனுக்கு அதே அளவு உதவுவதில்லை.

பகல் வெளிச்சம் அடுத்த குறை. கண் சிவப்பைவிடப் பச்சையைப் பன்மடங்கு நன்றாக உணரும். ஆனால் அந்தக் காலத்தில் பிடிக்குள் அடங்கக்கூடியதாக, மின்கலத்தைக் குடித்துத் தீர்க்காததாகக் கிடைத்தது சிவப்பு லேசரே. அதன் ஆற்றலும் ஐந்து மில்லிவாட் அளவுக்கு மேல் போகாது. நண்பகலில் கேம்பல் லேனில் நின்றுகொண்டு எதிர்க்கடைச் சுவரில் அந்தப் புள்ளியைத் தேடினால், ஊசியைத் தேடுவதைப்போல் தேட வேண்டியதுதான். அதே கடையின் ஐந்தடிப் பாதை நிழலுக்குள் வந்தால் பளிச்சென்று தெரியும். நம் ஊரில் வெயிலும் நிழலும் இரண்டு எட்டில் மாறிவிடுகின்றன. தெரிந்த புள்ளி திடீரென்று மறைந்தால், பழக்கமில்லாதவர் சுடுவதை விட்டுவிட்டுப் புள்ளியைத் தேடத் தொடங்குவார். அந்த அரை நொடியில் கத்தி வந்து சேர்ந்துவிடும். புகைமூட்டத்தில் நேர்மாறான தொல்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401-ஐத் தொட்ட 2013 ஜூன் நாள்களை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில் தூசு மிகுந்தால் ஒளிக்கோடே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கோட்டின் மறுமுனையில் யார் நிற்கிறார் என்பதும் அதனால் தெரியும்.

மின்கலம் தீர்ந்துபோகும் என்பதைப் பெரிய வாதமாகச் சிலர் வைப்பார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மாற்றினால் போயிற்று. சாதாரணக் குறிகள் எங்கும் போய்விடவில்லை, துப்பாக்கியின் மேலேயேதான் இருக்கின்றன.

இப்போது நான் லேசரை ஆதரிப்பதன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். அது பயிற்சி.

தோட்டா இல்லாத ரிவால்வரை எடுத்து, ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்த்துவிட்டு, சுவரில் ஒரு புள்ளியை நோக்கி டிரிகரை இழுத்துப் பழகுவது துப்பாக்கிப் பயிற்சியின் அரிச்சுவடி. லேசர் இல்லாமல் அதைச் செய்தால், பழகுபவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது முழுதும் தெரியாது. சுத்தியல் விழும் கணத்தில் முன்குறி துள்ளியதா, கீழே இறங்கியதா, இடப்பக்கம் இழுபட்டதா என்று அவர்தான் சொல்லவேண்டும். மனம் தனக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். லேசர் எரியும்போது பொய் சொல்ல வழியில்லை. சுவரில் புள்ளி வால் நட்சத்திரம்போல் கீழே கோடு போட்டு ஓடுவதை அறையில் உள்ள எல்லாரும் பார்க்கிறார்கள். பிடியை எவ்வளவு இறுக்க வேண்டும், விரலின் எந்தக் கணு டிரிகரில் படவேண்டும், கடைசி அரை அங்குலத்தில் அவசரப்படாமல் எப்படி இழுக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் விரிவுரை கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அந்தப் புள்ளியைப் பார்த்துத் தெரிந்துகொள்வது விரைவு.

எங்கள் பயிற்றுநர்களில் தமிழர் ஒருவர் இருந்தார். ஆங்கிலத்தில் ஆணையிடுவார், தனியே வந்து தமிழில் விளக்குவார். "தம்பி, புள்ளி ஆடுதேன்னு பயப்படாதீங்க. எல்லார் கையிலயும் ஆடும். ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தீங்கன்னா டிரிகரை வெடுக்குன்னு இழுத்துடுவீங்க. அது பாட்டுக்கு ஆடட்டும், நீங்க பாட்டுக்கு இழுங்க" என்பார். லேசரைப் பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடப் பயனுள்ள வாக்கியம் வேறில்லை. புதியவர்கள் பலர் புள்ளி இலக்கின் நட்டநடுவில் வந்து நிற்கும் என்று காத்திருப்பார்கள். அது நிற்காது. ஒரு கணம் நடுவில் வரும்போது அவசரமாக இழுப்பார்கள். குண்டு எங்கோ போகும். இரும்புக் குறிகளில் இந்த ஆட்டம் எப்போதும் இருக்கத்தான் செய்தது, கண்ணுக்குத் தெரியாமல். லேசர் அதைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டுகிறது. தேர்ந்த ஆசான் கையில் அது பாடம். ஆசான் இல்லாதவருக்கு அது வெறும் பதற்றம்.

நெருக்கடியில் பயிற்சி பெற்றவர்களே எப்படித் தடுமாறுகிறார்கள் என்பதற்கு நியூயார்க் நகரத்தைப் பார்க்கலாம். அந்நகரக் காவல்துறையைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இருதரப்பும் சுட்டுக்கொண்ட சம்பவங்களில் காவலர்களின் குண்டுகளில் சராசரியாக 18 விழுக்காடுதான் இலக்கைத் தொட்டது. எதிராளி திருப்பிச் சுடாதபோதுகூட 30 விழுக்காடு. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன் இரண்டு அதிகாரிகள் ஒரு கொலையாளியை மிகக் குறைந்த தூரத்திலிருந்து 16 முறை சுட்டார்கள். அவர் இறந்தார். வழிப்போக்கர்கள் ஒன்பது பேர் காயமடைந்தார்கள், எல்லாரும் காவலர்களின் குண்டுகளாலோ அவற்றின் சிதறல்களாலோ. அவர்களிடம் இருந்தவை ரிவால்வர்கள் அல்ல. ஆனால் வேண்டுமென்றே கனமாக்கப்பட்ட டிரிகர் கொண்ட கைத்துப்பாக்கிகள். கனமான டிரிகர், நெரிசலான நடைபாதை, படபடக்கும் இதயம் என்ற கலவையை அப்படியே ஞாயிற்றுக்கிழமை மாலைச் சிராங்கூன் சாலைக்கு மாற்றிப் பாருங்கள். தேக்கா நிலையத்துக்கும் முஸ்தஃபாவுக்கும் இடையே எந்தத் திசையில் குண்டு தவறினாலும் அங்கே ஒரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். ஐந்தே குண்டுகள் உள்ள ஒரு சிறு ரிவால்வரில் ஒவ்வொரு குண்டும் சரியான இடத்துக்குப் போவதற்கு எது உதவினாலும் அதை நான் வீண் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் லேசருக்காகச் சொல்லப்படும் இன்னொரு வாதம் உண்டு. "புள்ளியைப் பார்த்ததும் எதிரி அடங்கிவிடுவான். சுடவே தேவையிருக்காது." கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. தன் மார்பில் விழுந்த புள்ளியை ஒருவர் காண, அவர் குனிந்து பார்க்கவேண்டும். குடித்திருப்பவரோ மனம் குழம்பியிருப்பவரோ குனிந்து பார்ப்பதில்லை. மேலும், இவ்வகைப் பிடியில் ஒளிக்கண் இருக்கும் இடத்தால் ஒரு சிக்கல் உண்டு. வலக்கைக்காரர் முறைப்படி விரலை டிரிகருக்கு வெளியே, சட்டத்தை ஒட்டி நேராக நீட்டி வைத்தால், அந்த விரலே ஒளியை மறைத்துவிடும். எச்சரிக்கப் புள்ளியைக் காட்டவேண்டுமானால் விரலை அங்கிருந்து எடுக்கவேண்டும். எடுத்த விரல் இயல்பாகப் போய்ச் சேரும் இடம் டிரிகர். சுடாமல் இருப்பதற்காக விரலைச் சுடும் இடத்தில் வைப்பது என்ன பாதுகாப்பு?

இதைப் பேசும்போது 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவைத் தாண்டிப் போக என்னால் இயலாது. ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த 33 வயது ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தின் அடியில் சிக்கி இறந்தார். அதைத் தொடர்ந்து ஏறத்தாழ 400 பேர் கலவரத்தில் இறங்கினார்கள். காவல்துறை வண்டிகள் கவிழ்க்கப்பட்டன, ஆம்புலன்ஸ் எரிந்தது, ஐம்பதுக்கும் மேற்பட்ட காவல், குடிமைத் தற்காப்பு அதிகாரிகள் காயமடைந்தார்கள். முதலில் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு சிலர். ரோந்து அதிகாரியின் இடுப்பில் இருந்தது ஐந்து குண்டு ரிவால்வர். அன்று காவல்துறை ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஏன் சுடவில்லை என்று பிறகு கேட்டவர்கள் உண்டு, நம்மவரிலும் உண்டு. நான் கேட்கிறேன், சுட்டிருந்தால்? ஐந்து குண்டுகள் தீர்ந்தபின் 395 பேர் முன்னால் அந்த இளைஞர் என்ன செய்திருப்பார்? விழுந்த ஐந்து பேரும் தமிழ் பேசும் கூலித் தொழிலாளிகளாக இருந்திருப்பார்கள். சுட்டவரும் தமிழராக இருந்திருக்கக்கூடும். அன்றிரவு அந்தச் சந்திப்பில் எத்தனை சிவப்புப் புள்ளிகள் எரிந்திருந்தாலும் கூட்டம் கலைந்திருக்காது. கல்லெறிய ஓர் இலக்கு கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014-இல் தந்த அறிக்கை, விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்தினரிடம் ஏற்பட்ட தவறான எண்ணத்தையும் மதுவையும் காரணங்களில் சேர்த்தது. இறந்தவரைக் கவனிக்காமல் ஓட்டுநரையும் நடத்துநரையும் காப்பாற்றுகிறார்கள் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். அந்த நினைப்பை மாற்றுவது தமிழில் உரக்கச் சொல்லவேண்டிய நான்கு வாக்கியங்களின் வேலை. அந்த வேலையைச் செய்யும் துணைக்கருவியை எந்த நிறுவனமும் விற்பதில்லை.

கூட்டம் வேண்டாம், தனி ஒருவரையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூனில் கூ டெக் புவாட் மருத்துவமனையில், கைதான ஆடவர் ஒருவர் காவலரைத் தாக்கி அவருடைய ரிவால்வரைப் பறிக்க முயன்றார். போராட்டத்தில் குண்டுகள் வெடித்தன, காவலர் காயமடைந்தார். இருவர் கையும் ஒரே துப்பாக்கியின்மேல் இருக்கும்போது குறிபார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2022 மார்ச்சில், லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத பெண்டமியர் சாலையில், கத்தி வைத்திருந்த 64 வயது ஆடவர்மீது டேசர் பலிக்காமல் போனபின் அதிகாரி ஒருவர் சுட, அவர் இறந்தார். இப்படிப்பட்ட சம்பவங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்திலும் தாழ்வாரத்திலும் சில எட்டுத் தூரத்தில், சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. அங்கே குறியைவிட முந்தி வருவது முடிவு. சுடலாமா என்பதற்குப் பதில் கிடைத்தபின்தான் எங்கே சுடுவது என்ற கேள்வி எழுகிறது. லேசர் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்.

பணக் கணக்கையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். இப்படிப்பட்ட ஒரு லேசர் பிடி அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் இருநூறு முதல் முந்நூறு அமெரிக்க வெள்ளி வரை விலைபோனது. பயிற்சித் தோட்டாக்களை வாங்கிச் சுட்டுத் தீர்க்கும் செலவோடு ஒப்பிட்டால், தோட்டாவே இல்லாமல் ஆயிரக்கணக்கான முறை பழகவைக்கும் கருவிக்கு அது அதிகமில்லை. ஆனால் வாங்கிப் பொருத்திவிட்டுப் பயிற்சி நேரத்தைக் குறைத்தால், என் நண்பர் சொன்னதுபோல அது வீண்தான்.

கருவியை வாங்கினால் பாதுகாப்பும் கூடவே வந்துவிடும் என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவில் 2014-இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையுள்ள .32 ரிவால்வரைப் பெண்களின் தற்காப்புக்கென்று அறிமுகப்படுத்தியது. விலை ஒன்றேகால் லட்சம் ரூபாயை நெருங்கியது. எடை குறைவு என்பதைப் பெரிய சிறப்பாகச் சொன்னார்கள். எடை குறையக் குறையத் துப்பாக்கி துள்ளும், டிரிகரை இழுக்கையில் அசையும் என்பதை விளம்பரம் ஏன் சொல்லப் போகிறது? கைப்பையில் அதைச் சுமந்து செல்லும் ஒரு சகோதரி மாதம் ஒருமுறையாவது சுட்டுப் பழக எங்கே போவார்? அவருக்கு ஒரு லேசர் பிடியும் சேர்த்து விற்றால், வீட்டுச் சுவரிலாவது பழகிக்கொள்ளலாம்; அந்த அளவில் அவருக்கும் அதைப் பரிந்துரைப்பேன்.

டாரஸ் இப்போது பழங்கதையாகிவருகிறது. அண்மை ஆண்டுகளில் முன்னணி அதிகாரிகளின் இடுப்பில் கிளாக் கைத்துப்பாக்கி இடம்பிடித்துவிட்டது. குறிகளுக்கு இடையே தூரம் அதிகம், டிரிகர் ஏறத்தாழப் பாதிக் கனம், குண்டுகளின் எண்ணிக்கை மும்மடங்கு. சிறு ரிவால்வருக்கு லேசர் தேவைப்பட்ட காரணங்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆகவே புதிய துப்பாக்கி ஒவ்வொன்றிலும் லேசர் வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். பயிற்சி அறையில் மட்டும் அது இருக்கட்டும். அடுத்த ஆண்டு காவல்துறைத் தேசிய சேவைக்குப் போகவிருக்கும் தம்பிகள் யாராவது இதைப் படித்தால், பயிற்றுநரிடம் கேட்டுச் சுவரில் அந்தப் புள்ளி எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து முறை இழுத்தால் பத்து வால்கள் தெரியும். வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்பதைக் கவனித்து, அதற்கேற்ப விரலை மாற்றி வைத்துப் பதினோராவது முறை இழுங்கள்.